நிதானமாக ஓட்டுகிறவர்

ஜூன் 3
அகராதி அலுவலகத்தில் இன்று 'நிதானம்' என் பங்குக்கு வந்தது. வடமொழியில் அது முதலில் கன்றைக் கட்டும் கயிறாம். பிறகு மூலகாரணம், நோயின் காரணம். தமிழில் பொறுமை, அவசரமின்மை, குடிக்காமல் தெளிவாக இருப்பது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். அவசரமின்மைக்கு யோசிக்கவே இல்லை: 'அவர் வண்டியை நிதானமாக ஓட்டுவார்.' அண்ணனை நினைத்துத்தான் எழுதினேன். பள்ளி வேன் ஓட்டுகிறார்; என் மகளும் அதில்தான் போகிறாள். அவர் மெதுவாக ஓட்டுவதில் தாய்மார்களுக்கெல்லாம் அத்தனை பெருமை.

ஜூன் 9
சீ! மகள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாள். பின்னாலேயே ஓடி, வேனை நிறுத்தி நீட்டினேன். அண்ணன் குனிந்து வாங்கினார். ஏலக்காய் வாசனை. அதற்கடியில் அந்த நாற்றம். காலங்காத்தால! வேன் போய்விட்டது, என் பிள்ளையோடு.

சாயங்காலம் கேட்டேன். "ரெண்டே மூடிதான்மா. கை நடுங்காம இருக்கத்தான். நீயே சொல்லு, என்னைக்காவது வேகமா ஓட்டியிருக்கேனா?"

மெதுவாம்! சாலை எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டு போகிறான், வேறென்ன?

ஜூன் 10
அம்மாவுக்கு எப்போதோ தெரியுமாம். "அவன் பொழப்புல மண்ணைப் போட்டுடாதே. எவ்வளவு நிதானமா ஓட்டுறான்!" ஏலக்காயைத் தினமும் மடித்துக் கொடுப்பது அண்ணி. எல்லாம் தெரிந்துதான் என் மகளை அந்த வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். த்தூ!

ஜூன் 11
இன்றும் மகளை நடத்தியே கூட்டிப் போனேன். வேன் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலெல்லாம் பிள்ளைகள், கையாட்டிக்கொண்டு. என் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டேனே, நானும் ஒரு மனுஷியா?

ஜூன் 12
பள்ளி முதல்வரிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா சிரித்தார். "அவரா? ரொம்ப நிதானமானவராச்சே!"

"நாளைக்குக் காலையில ஊதச் சொல்லிப் பாருங்க."

ஜூன் 13
ஊதச் சொன்னார்களாம். என் அம்மா போனை எடுக்கவில்லை.

ஜூன் 20
அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். "நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் பதிப்பாசிரியர். வேறு எழுதித் தருகிறேன் என்றேன். இன்னும் எழுதவில்லை.

ஜூன் 23
மகள் மறுபடி வேனில் போகிறாள். புது டிரைவருக்குக் கொஞ்சம் அவசரம்தான். தெருமுனையில் ஒரு தாய் என் தோளில் கை போட்டாள். "உங்க அண்ணன் மாதிரி வருமா? எவ்வளவு நிதானம்! அவரைப் பத்தி எந்தப் பாவிங்க வத்தி வெச்சது?"

"நான்தான்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள்.