திரைக்குப் பின்னால் வாசிப்பதில்லை

மார்ச் 11, 1935. திங்கள்

விடியலிலிருந்து மழை. பிடிலின் தந்தி முறுக்கும் பிரடைகள் ஈரத்தில் ஊதிப்போய்த் திரும்ப மாட்டேன் என்கின்றன. சுருதி சேர்ப்பதற்குள் விரல் வலி.

வாங்க: தந்தி, வில்லுக்குத் தேய்க்கக் குங்கிலியம், கத்தரிக்காய், இவருக்கு இருமல் மருந்து.

மத்தியானம் சங்கீத சங்கச் செயலாளர் முத்தையா. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, இந்த நேரத்தில் வந்ததே அதிசயம். முழங்கால்வரை நனைந்திருந்தார். சங்கம் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்த பாகவதர் (இனி பா.) கப்பலிலிருந்து இறங்கியாயிற்றாம். அவருடைய பிடில்காரர் இறங்கவில்லை. கப்பல் தளத்தில் யாருக்கோ அம்மை. தளத்துப் பயணிகள் அத்தனை பேரையும், நோய் பரவாமலிருக்க, எதிரே உள்ள ஜெரஜாக் தீவில் தனியே வைத்துவிட்டார்கள். பா. வந்தது இரண்டாம் வகுப்பு. பக்கவாத்தியத்துக்கு வெறுந்தரையில் படுக்கும் தள டிக்கெட்! மனுஷன் எப்படிப்பட்டவர் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

"சனிக்கிழமை கச்சேரிக்கா. டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. இந்த ஊர்ல உங்கள விட்டா பிடிலுக்கு வேற யாரு இருக்கா லா?"

யாரும் இல்லைதான். சிங்கப்பூர் வரைக்கும் தேடினாலும் இல்லை. "பாக்கலாம் தம்பி" என்று அடக்கமாகச் சொல்லி வைத்தேன்.

இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இத்தன நாளா பக்கத்து வீட்டுச் சீனரு மட்டும் கேட்டுக்கிட்டிருந்தாரு. இனிமே ஊரே கேக்கட்டும்."

மார்ச் 12. செவ்வாய்

வெயில். மறுபடியும் முத்தையா, முகம் தொங்கிப்போய். பா. சொன்னாராம்: "பொம்மனாட்டியைப் பக்கத்துல வச்சிண்டு நான் பாடினதில்லை. பாடப்போறதுமில்லை." அதனால் ஓர் ஏற்பாடு. மேடையில் ஒரு திரை. அதற்குப் பின்னால் நான்.

"சத்தம் நல்லாக் கேக்கும்கா. நானே பின்னால நின்னு கத்திப் பாத்துட்டேன்."

"அப்ப நீங்களே உக்காந்து வாசிச்சிருங்க தம்பி."

அவர் போன பிறகு அழுகை. மன்னார்குடியில் சிறுவயது முழுக்கச் சாதகம். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபின் கல்யாண வீடு, தைப்பூசம், பெண்பிள்ளைகளுக்குப் பாடம். பெரிய வித்வான் ஒருவரோடு ஒரு முழுக் கச்சேரி, இதுதான் என் ஆசை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆனாலும் திரைக்குப் பின்னால் மாட்டேன். ஆசை வேறு, மானம் வேறு.

சாப்பிடும்போது இவர்: "நீ சொன்னதுதான் சரி." கொஞ்சம் பொறுத்து: "கொழம்பு உப்புக் கரிக்குது."

மார்ச் 14. வியாழன்

முத்தையா ஊரெல்லாம் அலைந்து பாலிக் புலாவிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து வந்தாராம். பாவம், அவருக்குத் தெரிந்ததெல்லாம் நின்றுகொண்டு வாசிக்கும் வெள்ளைக்காரன் மெட்டு. பா. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "திரை வேண்டாம். அந்த அம்மாவே வரட்டும்" என்றாராம்.

துள்ளிக் குதிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

மார்ச் 17. ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை, கச்சேரி முடிந்து வீடு வர நடுச்சாமம்.

மயில்கழுத்துப் பச்சைப் புடவை. வாசல்வரை கூட்டம். மேடையில் பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

பாடகர் ராகம் பாடி முடித்தால் அடுத்தது பிடிலின் முறை. அதே ராகத்தைத் தனியே வாசிக்கலாம். அப்புறம்தான் பாட்டு. பா. கல்யாணி பாடினார். அற்புதம், பொய் சொல்லக்கூடாது. வில்லைத் தூக்கினேன், அதற்குள் பாட்டை ஆரம்பித்துவிட்டார். மறதி என்று விட்டேன். அடுத்து சாவேரி. மறுபடியும் அதே கதை. மறதி இல்லை. முன்வரிசையில் முத்தையா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தோடி. அவர் பாடப் பாட நிழல்போலப் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போவது என் வேலை. கொஞ்ச தூரம் போனேன். வில்லை எடுத்து மடியில் வைத்துவிட்டேன். யோசிக்கவெல்லாம் இல்லை.

அவர் குரல் மட்டும் மொட்டையாகப் போயிற்று. பாடுவதை நிறுத்தினார். முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"என்னம்மா?"

"பதில் பேச விடாத இடத்துல நான் ஒத்து ஊதுறதில்லீங்க."

மிருதங்கக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். பின்னாலிருந்து ஒரு குரல்: "அம்மாவ வாசிக்க விடுங்க லா!"

பா. சபையைப் பார்த்துத் திரும்பினார். மறுபடி எடுத்தார். பிடில் துணையில்லாமலே தோடியைப் பாடி முடித்தார். பாட்டுக்குப் போகவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார்.

என் தோடியைப் பற்றி நானே எழுதக்கூடாது. வேறு யார் எழுதப் போகிறார்கள்? நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. மேல் ஸட்ஜத்தில் நின்றபோது மண்டபத்தில் ஒரு விசிறிகூட அசையவில்லை. பா. தன்னை அறியாமல் "ஆஹா" என்றார். உடனே இருமிக்கொண்டார்.

மார்ச் 21. வியாழன்

இடி, மழை. பிடில்காரரைத் தீவிலிருந்து விட்டுவிட்டார்களாம். சௌக்கியம். ஞாயிறன்று இரண்டாம் கச்சேரி, அவர்தான் வாசிப்பார். நியாயம்தானே. மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், வாசலில் ரிக்ஷா. பா.! இவர் சட்டையைத் தேடி உள்ளே ஓட்டம்.

பா. உட்காரவில்லை. "ஞாயித்துக்கிழமையும் நீங்கதான் வாசிக்கணும். அவனுக்கு இன்னும் தெம்பு வரலை. அவனே சொல்லியனுப்பினான்."

"திரும்பிப் போறப்ப அவருக்கும் ரெண்டாம் கிளாஸா?"

முகம் சிவந்தது. "ஆகட்டும்."

படி இறங்கியவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி: "அன்னிக்குப் பெரிசா எந்த ராகம் எடுக்கப்போறேன்னு சொல்லிடறேன். முன்னாடியே பாத்து வச்சுக்கலாம்."

எந்தப் பாடகரும் எந்தப் பக்கவாத்தியத்துக்கும் இதைச் சொல்வதில்லை. அவர் எடுப்பதை அங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் வித்தை. நல்ல எண்ணத்தில்தான் சொல்ல வந்தார், தெரியும்.

"சொல்லாதீங்க" என்றேன். "மேடையில பாத்துக்கிறேன்."