வெள்ளிக்கிழமைப் படிப்பும் காட்டெருமையும்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, எதிர்வீட்டுச் செல்வியின் கோழிக்கூடுகூடத் தெரியவில்லை.

வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, உலர்திராட்சை (நாளை ஜெபத்துக்குச் சாறு பிழிய), முட்டை, என் முழங்காலுக்குத் தைலம்.

தேயிலை பாக்டரி வளைவில் காட்டெருமை. செல்விதான் சொன்னாள். "ஒத்தையா ஒண்ணு சுத்துதுங்க்கா. கூட்டமா வந்தாக்கூடப் பரவால்ல, ஒத்தைதான் மோசம். நேத்து கொழுந்து பறிக்கப் போன பொம்பளையத் தூக்கிப் போட்டுருச்சு." அந்தப் பெண் இப்போது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில்.

என் வீட்டுக்காரர் எலியாஸிடம் சொன்னேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். பாக்டரியில் மெஷின் சத்தத்தோடு மல்லுக்கட்டியே காலம் தள்ளிய மனிதர். ரிடையர் ஆனபிறகு எபிரேய எழுத்தைக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். குன்னூரில் மிஞ்சியிருக்கும் யூதர்கள் நாங்கள் நாலு பேர்: நாங்கள் இருவர், ஐசக் அண்ணன், ரூபி அக்கா. கடைசியாகப் படிக்க வந்தவர் என் வீட்டுக்காரர். எங்களில் ரொம்பக் கறார் அவர்தான்.

இன்று ஒரு புது அறிவிப்பு. நாளையிலிருந்து வெள்ளி ராத்திரி வேதப் படிப்புக்குப் போகும்போது டார்ச் கிடையாது, போன் கிடையாது. வெள்ளி பொழுது சாய்ந்து எங்கள் ஓய்வுநாளான ஷப்பாத் தொடங்கினால், சனி ராத்திரி வரை விளக்குப் போடக் கூடாது, எதையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. இத்தனை நாள் அரைகுறையாக இருந்துவிட்டோமாம்.

டார்ச்சை வாசல் ஆணியிலேயே மாட்டி வைத்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. பனி விடவில்லை.

சமையல் முடிந்தது. மீன் குழம்பு கொஞ்சம் புளிப்பு. படிப்பு ஐசக் அண்ணன் வீட்டில், பாக்டரி வளைவுக்கு அந்தப் பக்கம். முழங்கால் கெடும்வரை நானும் போனவள்தான். ஒருவர் ஒரு வரி எபிரேயத்தில் வாசிக்க வேண்டும், பிறகு தமிழில் அர்த்தம். ரூபி அக்காவுக்கு மலையாளம்தான் வரும். அப்புறம் சண்டை. யாராவது "சரிதான்" என்று சொல்லிவிட்டால் ஐசக் அண்ணன் விடமாட்டார். "ஏன் சரி? காரணம் சொல்லு."

"டார்ச்சை எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"நீ பயந்தே செத்துப்போவே, ஹன்னா."

இருக்கலாம். மெழுகுவத்தி ஏற்ற நேரம். ஏற்றிவிட்டால் எழுதக் கூடாது. நிறுத்துகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்! தலையணை எல்லாம் வெளியே.

வெள்ளியன்று ரொம்பத் தாமதமாக வந்தார். சட்டை முழுக்க ஈரம், கையில் கீறல். வளைவில் அது நின்றிருக்கிறது. பனியில் உருவம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டதாம். தேயிலைப் புதருக்குள் இறங்கி, அது நகரும்வரை அசையாமல் நின்றிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார். நான் ஊற்றிய சூப் பாதி மேசையில்.

அதற்குள் முன்னறை பல்பு வேறு ப்யூஸ் போனது. செல்வி எட்டிப் பார்த்தாள். ஷப்பாத்தில் எங்களுக்காக வேலை செய்யும்படி மற்றவர்களிடம் நேராகச் சொல்லக் கூடாது. சாடையாகச் சொல்லலாம். "உள்ளே ஒரே இருட்டு" என்றேன். புரிந்துகொண்டு வேறு பல்பு மாட்டினாள். எத்தனையோ வருஷப் பழக்கம். சில நாள் கிண்டலடிப்பாள்: "அடுப்பைச் சொல்றீங்களா, லைட்டைச் சொல்றீங்களாக்கா?"

நவம்பர் 11, செவ்வாய்

தைலம் தீர்ந்தது. பிரயோஜனமில்லாத தைலம்.

ஐசக் அண்ணனும் ரூபி அக்காவும் பகலிலேயே வந்தார்கள். நான்தான் போன் செய்து வரவழைத்தேன். எலியாஸுக்கு அது தெரியாது.

"உயிருக்கு ஆபத்துன்னா ஷப்பாத் தள்ளி நிக்கும், எலியாஸ். சந்தேகம் இருந்தாலே போதும். டார்ச்சை எடு" என்றார் ஐசக் அண்ணன்.

"ஆபத்துன்னு முன்னாடியே தெரிஞ்சா அந்த வழியிலே போகவே கூடாது. தெரிஞ்சே போயிட்டு, ஆபத்துன்னு சொல்லி விளக்கு ஏத்துறது ஏமாத்து வேலை."

"அப்போ வராதே."

"நான் வரலைன்னா நீங்க ரெண்டு பேர். அது படிப்பா?"

 ரூபி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனிக்கும் பேடியாணு மோளே" என்றாள். பயமாயிருக்கு என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதே ஆறுதலாக இருந்தது.

முடிவு: இனி படிப்பு வெள்ளி மத்தியானம். இருட்டும் முன் வீடு. கொஞ்சம் நிம்மதி. கொஞ்சம்தான்.

நவம்பர் 14, வெள்ளி

சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார். மப்ளரை மறந்துவிட்டார். சாயங்காலமே பனி, ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. சண்டையில் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஏற்ற வேண்டிய நேரம். இன்னும் காணோம்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி. அவர் தூங்குகிறார். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, விலாவில் அடி. பிழைத்துவிட்டார். முதலில் இதை எழுதிவிட வேண்டும். பிழைத்துவிட்டார்.

வெள்ளியன்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். நன்றாக இருட்டியாகிவிட்டது. செல்வி வந்தாள். அவள் வீட்டுக்காரர் எஸ்டேட் ஜீப் டிரைவர், ஜீப் அவர்கள் வாசலில்தான் நின்றது. நான் சொன்னது இது:

"பனி ரொம்ப இருக்கு. அவர் இன்னும் வரலை."

இத்தனை வருஷமாக அவளிடம் பேசிப் பழகிய அதே சாடை. செல்வி என் முகத்தைப் பார்த்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்கள் வாசல் லைட்டைப் போட்டாள். "வந்தா வழி தெரியுமுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நானும் உள்ளே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன்! சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்தேன். ஜெபப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் வாசித்தேன், ஒரு எழுத்தும் ஏறவில்லை. வெளியே ஏதோ மாடு கத்தியது. அப்போதுதான் ஓடினேன், இந்த முழங்காலோடு. செல்வி வீட்டுக் கதவைத் தட்டி, "ஜீப்பை எடுக்கச் சொல்லு. இப்பவே. அவரைத் தேடணும்" என்று கத்தினேன்.

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதுங்களாக்கா!" அழுதுகொண்டே புருஷனை எழுப்பினாள்.

காட்டெருமை முட்டித் தள்ளி, வளைவுக்குக் கீழே வாய்க்காலில் கிடந்தார். கத்தினால் அது திரும்பி வரும் என்று பயந்து, சத்தம் போடாமல் கிடந்திருக்கிறார். நான் டார்ச்சோடு இறங்கினேன். என் புடவையைப் பிடித்தவர், ஜீப்பில் ஏற்றும்வரை விடவில்லை.

ஐசக் அண்ணன் இன்று காலை வந்தார். அவரிடம் கேட்டேன், நான் செய்தது சரியா என்று. "கேட்டுட்டு நிக்காம ஓடினே பார், அது சரி" என்றார். முதலில் ஓடவில்லையே, உட்கார்ந்திருந்தேனே. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று வீட்டுக்கு வந்தோம். மாத்திரை காலை 2, இரவு 3. கட்டிலை முன்னறையில் போட்டாயிற்று. பால்காரரிடம் அரை லிட்டர் கூடச் சொல்ல வேண்டும்.

அவருக்குத் தூக்கமில்லை. செல்வியின் கோழி சிறகடித்தால்கூடத் திடுக்கிட்டு என் பெயரைச் சொல்கிறார். ஜன்னல் திரை எப்போதும் மூடியிருக்க வேண்டும். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்த மனிதர். முன்பு நான் பயப்பட அவராவது தைரியமாக இருந்தார். இப்போது வீட்டில் இரண்டு பேரும் பயந்து கிடக்கிறோம்.

இன்று படிப்பு இங்கே. ஐசக் அண்ணனும் ரூபி அக்காவும் வந்து, ராத்திரி தங்கி, ஞாயிறு காலைதான் போக வேண்டும். எலியாஸ் உத்தரவு. பாய், கம்பளி எடுத்து வைத்தேன். கோழிக் குழம்பு, சோறு.

செல்வி வீட்டு ஜீப் மேட்டுப்பாளையம் போயிருக்கிறது. "நடந்தே வந்துடறோம், கிளம்பியாச்சு" என்று ஐசக் அண்ணன் போன் செய்தார். அது எப்போதோ. பிறகு இரண்டு தடவை அடித்தேன், அணைத்து வைத்திருக்கிறார். ஷப்பாத் நெருங்குகிறதே, அணைக்கத்தான் செய்வார்.

பனி. வாசல் கேட் தெரியவில்லை.

மெழுகுவத்தி கையில். எலியாஸ் கதவையே பார்க்கிறார். நேரமாகிவிட்டது, போனை அணைக்க எடுத்தேன்.

"வேண்டாம், ஹன்னா. அது கிடக்கட்டும். அணைக்காதே."