கென்யாவின் கையில் கரி

ஜனவரி 17, திங்கள்
காலையில் கடும் பனி. பத்து மணி வரை கொடிக்கம்பம் கண்ணில் படவில்லை. மூன்றாம் வகுப்பில் இருமல் ஏழு பேருக்கு.

பி.டி. சார் மாற்றலாகிப் போய் ஒரு மாதம். விளையாட்டு விழாவே வேண்டாம் என்கிறார் தலைமையாசிரியர் குறுப்பு சார் (இனி த.ஆ., முழுசாக எழுதக் கை வலிக்கிறது). "இருபத்தாறாம் தேதி கொடி ஏத்தி, மிட்டாயி கொடுத்து விடலாம் டீச்சரே. போன கொல்லம் கண்டதல்லே?"

கண்டதுதான். போன வருடம் வடம் இழுத்தல். ஒரு முனையில் தமிழ் வகுப்பு, மறுமுனையில் மலையாள வகுப்பு. வடம் அறுந்தது, கல் பறந்தது. தமிழ் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நெற்றியில் மூன்று தையல். மைதானத்தின் நடுவில் நானும் மலையாள வகுப்பு மரியக்குட்டி டீச்சரும், பிள்ளைகள் பார்க்கப் பார்க்க, சந்தைக்கடைச் சண்டை. ஒரு வருடமாக எங்களுக்குள் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

"நான் நடத்துறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. தமிழ் மூன்றாம் வகுப்போடு தையலும் எடுக்கிறவளுக்கு இது தேவையா?

ஜனவரி 19, புதன்
யோசனை வந்துவிட்டது! துணி துவைக்கும்போது. சோப்பை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

போன ஜூலையில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் செய்தி டிரான்சிஸ்டரில் கேட்டோமே, அதில் தமிழ் வகுப்பு மலையாள வகுப்பு என்றா சொன்னார்கள்? நாடுகள்! நம் பள்ளியிலும் நாடுகள். சீட்டுக் குலுக்கி, இரண்டு வகுப்பையும் கலந்து நான்கு நாடு. ஜப்பான், கியூபா, பின்லாந்து, கென்யா.

ஈட்டி - நாணல் தட்டை. பழைய ஜீப் டயரை மரத்தில் தொங்கவிட்டு அதன் ஓட்டைக்குள் எறிய வேண்டும்.
குண்டு - ஈரமண் பொதிந்த துணிப் பந்து.
வட்டு - மதிய உப்புமாத் தட்டு. (நெளிந்தால்?)
தடை ஓட்டம் - கவிழ்த்த ஏலக்காய்க் கூடைகள்.
மாரத்தான் - ஜோடி ஜோடியாக. ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு மலையாளப் பிள்ளை, ஒரே கைக்குட்டையின் இரண்டு முனை. எஸ்டேட் ஏலக்காய் ஸ்டோர் வரை போய்த் திரும்ப வேண்டும். கைக்குட்டையை விட்டால் அவுட்.

த.ஆ. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "ஒரு கல்லு யாராவது எடுத்தால் கழிஞ்ஞு. பின்னெ இந்த ஸ்கூலில் ஓட்டமும் இல்லை, சாட்டமும் இல்லை, எந்தக் கொல்லமும். மரியக்குட்டி டீச்சரும் சம்மதிக்கணும்."

போனேன். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டே நிமிராமல் கேட்டாள். முடித்ததும் ஒரே கேள்வி: "கென்யான்டெ கொடி ஆரு தைக்கும்?"

சம்மதம்!!

ஜனவரி 21, வெள்ளி
வெயில். சீட்டுக் குலுக்கினோம். கூச்சல், கும்மாளம். பின்லாந்து எங்கே என்று அட்லஸைப் பிய்த்துவிட்டார்கள். நாலாம் வகுப்பு அந்தோணி: "டீச்சர், கென்யா போன ஒலிம்பிக்குக்கு வரவே இல்லன்னு எங்க சித்தப்பா சொல்லுச்சே?" உண்மைதான். அங்கே வராவிட்டால் என்ன, நம் உடும்பஞ்சோலைப் பக்கம் வரும் என்றேன்.

பிறகு மாரத்தான் ஜோடிச் சீட்டு. கென்யாவுக்கு ஐந்தாம் வகுப்பு முத்துலட்சுமி. எஸ்டேட் கூலிக்காரர் லயத்துப் பிள்ளை. ஓடினால் பிடிக்க ஆளில்லை. அவளோடு மலையாள வகுப்பு ஜோஸ். போன வருடம் நெற்றி கிழிந்த பிள்ளை முத்துலட்சுமியின் தம்பி. கல் எறிந்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஜோஸ்தான் என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"வேற யாரு கூட வேணாலும் ஓடுதேன் டீச்சர். இவன் கூட மாட்டேன்." கண்ணில் தண்ணீர்.
ஜோஸ்: "எனிக்கும் வேண்டா."
ஒரு வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம்.

சீட்டை மாற்றினால் எல்லோரும் மாற்றச் சொல்வார்கள். மாற்றவில்லை. சரியா, தப்பா?

ஜனவரி 24, திங்கள்
பயிற்சி. தட்டு இரண்டு நெளிந்தது. சுத்தியலால் தட்டிச் சரிசெய்து, த.ஆ. பார்க்குமுன் அடுக்கின் அடியில் வைத்தாயிற்று. ஜீப் டயருக்குள் குளவிக் கூடு! ஜப்பான் முழுவதும் ஓட்டம், அதுதான் இன்றைய சாதனை நேரம்.

கென்யா ஜோடி கைக்குட்டையைச் செத்த எலியைப் பிடிப்பது போலப் பிடிக்கிறது. அவள் இழுக்க, இவன் விழ.

ஜனவரி 25, செவ்வாய்
மரியக்குட்டி டீச்சர் கொடித் துணியோடு என் வகுப்புக்கு வந்தாள். ஜப்பான் சுலபம். பின்லாந்தும். கியூபா நட்சத்திரத்துக்கு ஆறு கால் வந்துவிட்டது, பிரித்தேன். கென்யாக் கொடி நடுவிலுள்ள கேடயத்தை அவள் வெட்டினாள், நான் தைத்தேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தபடி, "அன்னு ஞான் ஒருபாடு பறஞ்ஞு போயி" என்றாள். "நானும் கொஞ்சமா பேசல டீச்சர்" என்றேன். கேடயம் கொஞ்சம் பலாப்பழம் மாதிரி. பரவாயில்லை.

ஜனவரி 26, புதன்
எங்கிருந்து தொடங்க!

எஸ்டேட் விடுமுறை. லயத்திலிருந்து அம்மாக்கள், மலையாளக் குடும்பங்கள், எல்லோரும் வேலி ஓரம். முதலில் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். அணிவகுப்பில் நாடுகள் வந்ததும் குழம்பிப் போனார்கள். யாருக்குக் கைதட்டுவது? தன் பிள்ளை ஜப்பானில் என்று தெரிந்ததும் ஒரு அம்மா, "எலே சப்பானு! விடாதலே!" அதோடு வேலி கலைந்தது.

ஈட்டி - பின்லாந்து. கூடை தாண்டல் - கியூபா. அந்தோணியின் உப்புமாத் தட்டு காற்றில் திரும்பி த.ஆ.வின் நாற்காலிக்கு அடியில் விழுந்தது. அளக்கலாமா என்று கேட்கிறான்!

கடைசியாக மாரத்தான். நாட்டுக்கு ஒன்றாக நான்கு ஜோடி, நான்கு கைக்குட்டை. ஸ்டோரில் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கையிலும் ஓர் அடையாளம் வைப்பார், அதைக் காட்டினால்தான் கணக்கு. விசில். பிள்ளைகள் ஏலத்தோட்டத்துக்குள் மறைந்தார்கள்.

பனி இறங்கியது. பத்து நிமிடம்கூட இல்லை, சாலை வளைவில் ஒரு ஜோடி. கென்யா! கைக்குட்டை இழுபடாமல், கால் ஒரே சீராக, பறந்து வருகிறார்கள். நான் த.ஆ.வின் குடையைப் பிடுங்கி ஆட்டிக்கொண்டு கத்தினேன். மரியக்குட்டி டீச்சர் என் தோளைப் பிடித்துக் குதிக்கிறாள். நாடா அறுந்தது. கையை நீட்டினார்கள். கறுப்பாக ஒரு பெருக்கல் குறி.

மற்றவர்கள் வெகுநேரம் கழித்து, சேறும் அட்டைக்கடியுமாக வந்தார்கள். அத்தனை கையிலும் நீலம். மூட்டைக்குக் குறி போடும் நீல மை.

த.ஆ. முத்துலட்சுமியின் கையைத் தேய்த்துப் பார்த்தார். கரி. வளைவில் இருக்கும் டீக்கடை அடுப்புக் கரி! ஸ்டோர்ப் பக்கமே போகவில்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"ஆரு முதலில் சொன்னது?" என்றார் த.ஆ. இப்போது அவள் விரல் ஜோஸ் பக்கம் நீளும். வேலி ஓரத்தில் பெரியவர்களும் அசைகிறார்கள்.

முத்துலட்சுமி நிலத்தைப் பார்த்தாள். "எனக்கு மலையாளம் தெரியாது சார். அவன் சொன்னா எப்படிப் புரியும்?"
ஜோஸ்: "எனிக்குத் தமிழும் அறியில்லா சார்."

"பின்னெ எங்ஙனெடா ரெண்டும் சேர்ந்நு களவு செய்தது?"

இருவர் கையிலும் கைக்குட்டை அப்படியே. அவள் உதடு துடிக்கிறது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. முதலில் வெடித்தது த.ஆ.தான்! வயிறு குலுங்க. பிறகு வேலி முழுவதும். நானும் மரியக்குட்டி டீச்சரும் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், கண்ணில் நீர் வர.

கென்யா நீக்கம். மாரத்தான் ஜப்பானுக்கு. தண்டனை: இருவரும் மைதானத்துக் குப்பை பொறுக்க வேண்டும். பொறுக்கினார்கள், ஒரே சாக்கில்.

ஒரு கல்கூடப் பறக்கவில்லை.

ஜனவரி 27, வியாழன்
தொண்டை போய்விட்டது. மூன்றாம் வகுப்புக்குச் சைகையில் பாடம். லேசான தூறல்.

என் வகுப்புக்கும் மலையாள வகுப்புக்கும் நடுவில் மூங்கில் தட்டி. இரண்டாம் மணியில் பார்த்தால் தட்டியில் புதிதாக ஓர் ஓட்டை, உள்ளங்கை அகலம். இந்தப் பக்கத்து நெல்லிக்காய் அந்தப் பக்கம் போகிறது. அங்கிருந்து ஒரு சிலேட்டுக் குச்சி வருகிறது. குனிந்து பார்த்தேன். மறுபக்கம் மரியக்குட்டி டீச்சரும் குனிந்திருந்தாள்.

பியூன் ஆணியும் பலகையுமாக வந்து நின்றார். "அடைச்சிரட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். குரல் வரவில்லை. தட்டிக்கு அப்பாலிருந்து அவள் உரக்கச் சொன்னாள்: "வேண்டா!"

மணி அடிக்கிறது. கணக்கு நோட்டு இன்னும் திருத்த