கேட்காமல் விடுவது

அண்ணே,

இன்று காலை பாலக்கரையில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. ஆடித் தள்ளுபடி. ஸ்கூட்டரில் என் மனைவி சரோஜாவைப் பின்னால் உட்கார வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். சேலை விலை ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுந்தது. "சிக்னல்ல சிவப்பு விழுந்திருச்சு, நில்லுங்க" என்று அவள் தோளைத் தட்டிச் சொன்னது மட்டும் விழவில்லை. குறுக்கே வந்த ஆட்டோ உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. வண்டியை ஓரங்கட்டினேன். அப்போது உங்கள் நினைவுதான் வந்தது.

முசிறியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் எத்தனை வருஷம் கண்டக்டராக நின்றிருக்கிறேன். வாழைத்தார் ஏற்றுகிறவர்களின் சண்டை, காலேஜ் பிள்ளைகளின் கூச்சல், தலைக்கு மேலே ஓயாத பாட்டு. எதுவும் உங்களைத் தொடாது. என் விசில் மட்டும் கேட்கும். எப்படி என்று கேட்டதற்கு, "வேண்டாதது வாசல்லயே நின்னுடும்ப்பா" என்று சிரித்தீர்கள்.

உங்களுக்கு ஐம்பது வயது தாண்டியதும் அது மாறத் தொடங்கியது. முதலில் பாட்டை நிறுத்தச் சொன்னீர்கள். பிறகு பின் சீட்டில் யாராவது போனில் பேசினால்கூட உங்கள் பார்வை தலைக்கு மேலிருந்த கண்ணாடிக்குப் போனது. டிக்கெட் கொடுப்பதைவிட, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று கெஞ்சுவதே என் வேலையாயிற்று. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பாட்டு இல்லாத பஸ்ல யாருப்பா ஏறுவா?" என்றார். நீங்கள் காதையும் கண்ணையும் சோதித்துப் பார்த்தீர்கள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. டாக்டர் சொன்னதை என்னிடம் சொன்னீர்கள்: "கேக்குறதுல குறையில்லையாம். கேக்காம விடுறதுதான் வயசானா மூளைக்குக் கஷ்டமாம்."

பிறகு அந்த மத்தியானம். குணசீலம் தாண்டி வந்துகொண்டிருந்தோம். பின்னால் இரண்டு பெண்களுக்குள் உட்கார இடத்துக்குத் தகராறு. ஒரு கணம்தான் கண்ணாடியைப் பார்த்தீர்கள். தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மா சாலையில் இறங்கியிருந்தார். பிரேக் அடித்து நின்றபோது கட்டு சிதறி, அவர் பஸ்ஸுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் இறங்கிப்போய், அவர் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டு, புல்லைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தீர்கள்.

சத்திரத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு முதலாளிக்குப் போன் போட்டீர்கள். "அந்தம்மா மேல தப்பில்லைங்க. நான்தான் பார்க்கல. இனிமே என்னை நம்பி ஆள் ஏத்தாதீங்க."

"ஏண்ணே, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றேன்.

"ஆன பிறகு நிறுத்தி என்னப்பா?"

ஓட்டுவதை விட்டு ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டுக்குப் போனீர்கள். அங்கே நிம்மதியாக இருந்தீர்கள் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. தெருவில் பக்தர்கள் வரும் வேன்கள், கூடத்தில் டிவி, அடுப்படியில் மிக்ஸி, எல்லாம் ஒன்றாக உள்ளே வந்து உங்களை அலைக்கழித்தன. மகள் பேசும்போது பேச்சைப் பாதியில் தொலைத்துவிட்டு, கேட்டதுபோல் தலையாட்டினீர்கள். "நான் மறக்கலப்பா. அவ சொன்னது உள்ள போகவே இல்ல" என்று என்னிடம் சொன்னீர்கள். போன தை மாசம் நீங்கள் கண்ணை மூடும்வரை அந்தச் சங்கடம் தீரவில்லை.

காலையில் நடந்ததற்கு ஆட்டோக்காரர் மேல்தான் தப்பு என்று சரோஜா அவளாகவே சொன்னாள். நானும் அப்படியே விட்டிருக்கலாம். பயமாக இருக்கிறது அண்ணே. இன்று ஸ்கூட்டர் போனால் அடுத்து என்னென்ன போகும் என்று தெரியவில்லை. ஆனாலும் காலி பஸ்ஸின் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தாமல் நீங்கள் பேசியது எனக்குள் அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். "நீ சொன்னது எனக்குக் கேக்கல. தப்பு என் மேலதான். இனிமே டவுன் பஸ்லயே போயிடுவோம்."



"எனக்குத் தெரியும்," என்றாள். "ரொம்ப நாளா பயந்துக்கிட்டேதான் பின்னால உக்காந்திருந்தேன்."