வதீனின் மூன்று சொற்கள்

நவம்பர் 3, ஞாயிறு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள், டாக்டர் அப்ரார். மாலையிலேயே எழுதச் சொன்னீர்கள். வதீன் இப்போதுதான் தூங்கினாள்.

அடுத்த மாதம் அவளுக்கு மூன்று வயது. காதில் குறையில்லை என்று தெரிந்துவிட்டது. சொல்கிற சொல்லின் பொருள் தெரிந்து சொல்கிறாளா, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாளா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்காகத்தான் இந்த நோட்டு.

இன்று ஒரு சொல்: "கஹ்வா." காபி கேட்கிறாள் என்று குவளையைக் காட்டினேன். திரும்பியும் பார்க்கவில்லை. பொம்மைகளை எல்லாம் வாரிக் கூடையில் கொட்டிவிட்டுக் கைதட்டினாள்.

நவம்பர் 5, செவ்வாய்

"அக்லா" என்றாள். சாப்பாடு கேட்கிறாள் என்று ஓடிப்போய் ஊட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டாள். கையில் நான்கு ஸ்பூன்கள்.

இரண்டு சொல். இரண்டும் பொருந்தவில்லை. அப்படியென்றால் வெறும் எதிரொலிதானா?

நவம்பர் 7, வியாழன்

வியாழன்தோறும் என் கணவன் மிஷாரி அவளைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் பலூத் சீட்டு ஆடப் போய்விடுகிறான். நாலு ஆம்பளைகள் சீட்டை அறைந்து கத்துகிற இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"அங்க அவ அழறதே இல்ல."

"அப்ப இங்க என்னாலதான் அழறாளா?"

அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். அவன் சொல்லாவிட்டால் என்ன — பால் கொடுக்கும்போதுகூடப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே. வேதியியலில் பட்டம் வாங்கி என்ன பயன்? சொந்தப் பிள்ளை பேசுவது புரியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

"இக்கா." இப்படி ஒரு சொல்லே கிடையாது. ஒரு காலுறையை என் மடியில் வைத்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஜோடியை அதன்மேல் வைத்தேன். தேம்பித் தேம்பி அழுதாள்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

 

மிஷாரியின் அண்ணன் நவ்வாஃப் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வதீன் நான்கு பேரீச்சங்கொட்டைகளைத் தன் பக்கம் இழுத்து "அக்லா" என்றாள். நான் சோற்றுத் தட்டை நீட்டினேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

"வதீனோட அம்மா, அவளுக்கு எதுக்குச் சோறு? நாலு சீட்டு விழுந்துச்சு, பிடியை எடுத்துட்டா. பலூத்ல ஒரு பிடிக்கு அக்லான்னுதான் பேரு."

என் அப்பா வீட்டில் சீட்டுக்கட்டு வாசல் தாண்டியதில்லை. எனக்கு எப்படித் தெரியும்? நோட்டைக் கொண்டுவந்து கஹ்வா பக்கத்தைக் காட்டினேன்.

"பலூத்ல கஹ்வான்னா மொத்த ஆட்டத்தையும் ஒரே சுத்துல பந்தயமா வைக்கிறது. அதோட எல்லாம் முடிஞ்சது. கூடைல கொட்டினாளா? சரிதானே."

"இக்கா?"

"இந்த இனத்துல மிச்சம் இருக்கறதுல என்னோடதுதான் பெருசு, துருப்பு போட்டு வெட்டிடாதேன்னு அர்த்தம். நீ மேல ஒண்ணு வெச்சியா? அழத்தான் செய்வா. உன் புருஷனும் வாராவாரம் என் சீட்டை வெட்டறான், நான் அழல, அவ்வளவுதான்."

"எல்லா ஆட்டத்திலயும் நீங்க அழுததுதான் தெரு முழுக்கக் கேட்டுதே" என்றான் மிஷாரி.

"இக்கான்னு யார்கிட்டச் சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"எதிராளிகிட்டயா சொல்லுவாங்க? எதிர்ல உக்காந்திருக்கற சொந்தக் கூட்டாளிகிட்டத்தான்."

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 16, சனி

காலையில் வதீன் ஒரு செருப்பை என் மடியில் வைத்தாள். "இக்கா." நான் எதையும் மேலே வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு மற்றச் செருப்பையும் எடுத்துவந்து, இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என் முழங்கைமேல் சாய்ந்தாள்.

டாக்டர், இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். மூன்று சொற்களையும் பொருள் தெரிந்தே சொல்லியிருக்கிறாள். தெரியாமல் இருந்தது எனக்குத்தான். இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.