ஒரு சுழி குறைவு

அன்புள்ள மகளுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்குவது கடிதம் எழுதும் முறை. அதில் வேறெதையும் தேட வேண்டாம். நான் நலம். மூட்டுவலியும் நானும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். உன் விலாசத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை உறையில் எழுதியது, மறக்கவில்லை.

நம் ஊருக்கு நூற்றைம்பது வயதாகிவிட்டதாம். அதைக் கொண்டாட நகரசபை தெருத்தெருவாக வெண்கல மனிதர்களை உட்கார்த்தி வைத்திருக்கிறது. சந்தை முனையில் மூட்டை தூக்குகிறவர். அவர் முதுகில் இப்போது சினிமா சுவரொட்டி. நூலக வாசலில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர். அவர் கையிலுள்ள தாளில் ஓர் எழுத்துகூட இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பூங்காவில், இந்த ஊருக்குக் குழாய் பதித்த என்ஜினியர் என்ற முறையில், உன் அப்பா.

அவருக்குக் கீழே பதித்த பலகையைப் பார்த்த பிறகு, நூலகத்துப் பெரியவரின் வெற்றுத் தாளே மேல் என்று தோன்றியது. ‘தம் பனியால் ஊருக்கு நீர் தந்தவர்’ என்று பொறித்திருக்கிறார்கள். மூன்று சுழி ‘ணி’ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ‘னி’. உருகி வழிவதற்கு அவர் என்ன மலையுச்சியா? விழாக் குழுச் செயலாளரிடம் சொன்னேன். “ஒரு சுழிதானேம்மா குறையுது, யாரு உத்துப் பாக்கப் போறாங்க?” என்றார். நான் பார்ப்பேன் என்றேன். “உங்களைத் தவிர யாரு பாப்பாங்க” என்று திரும்பிக்கொண்டு முணுமுணுத்தார். என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

சுழி கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு.

சிலைக்குப் படம் கேட்டபோது, அலுவலகத்தில் எடுத்ததைக் கொடுத்தேன். கழுத்துவரை பொத்தான், அழுந்த மூடிய உதடு. நாற்பது வருடம் என் சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்த முகம் அதுதான். திறப்பு விழாவில் துணியை இழுத்ததும் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் சாய்ந்து, வால்வு திறக்கும் நீளச் சாவியை முழங்காலில் சார்த்தி, சட்டைக் கையை மடித்துவிட்டு, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்து, “சார் உயிரோட உக்காந்திருக்கிற மாதிரியே இருக்குக்கா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உயிரோடு இருந்தபோது என் வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

செயலாளர் ஓடி வந்து விளக்கம் சொன்னார். “நீங்க குடுத்த படத்துல சார் முறைச்சுக்கிட்டு இருக்காரும்மா, பிள்ளைங்க பயந்துரும். உங்க பொண்ணு அனுப்பின படம்தான் எடுப்பா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லலையா?” நகரசபை படம் கேட்ட செய்தி உன்னை எப்படி எட்டியதோ தெரியாது. சுற்றி இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். “சொன்னாளே” என்றேன். பொய்யே கூடாது என்று பள்ளியில் கன்னியாஸ்திரீகள் வளர்த்த வாயால் உனக்காக ஒரு பொய்.

அந்தச் சட்டை என் அலமாரிச் சட்டை இல்லை. அவருக்கு நான் தைத்துக் கொடுத்ததெல்லாம் ஒரு பை வைத்தது; வெள்ளை அல்லது வெளிர் நீலம். சிலையில் இரண்டு பை, இரண்டுக்கும் மூடி. செய்த சிற்பியை விசாரித்தேன். உன்னைவிட இளையவள், நகத்திலெல்லாம் களிமண். “படத்துல அப்படித்தாம்மா இருந்துச்சு. பச்சைக் கட்டம் போட்ட சட்டை” என்றாள். மூன்றாவது பொத்தான் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது. அதையும் அப்படியே வெண்கலத்தில் வார்த்திருக்கிறாள். உனக்குத் தையல் எப்போதும் வந்ததில்லை.

மேல் அணைக்கட்டைச் சோதிக்கப் போகிறேன் என்று உன் அப்பா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளம்புவார். ஓய்வு பெற்ற பிறகும் யோசனை கேட்டு அழைக்கிறார்கள் என்று போனார். பையில் நான் தேய்த்து வைத்த சட்டைகள், வைத்த மடிப்பு கலையாமல் திரும்பி வரும். அவரை அவ்வளவு சுத்தமாகப் பழக்கிவிட்டேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். உன் வீட்டு ஆணியில் அவருக்கு ஒரு சட்டை தொங்கியது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

நீ கல்யாணம் செய்துகொண்டதை எழுதிய கடிதத்தில் பிழைகள் இருந்தன. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன். திருத்தியதில் தவறில்லை, ‘மன்னிப்பு’க்கு மூன்று சுழி போட்டிருந்தாய். வேறெதுவும் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? அந்த உறையைத் தானே தபாலில் சேர்ப்பதாக உன் அப்பா வாங்கிக்கொண்டு போனார். அன்று அவர் வீடு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. உன் விலாசம் அவர் கைக்குப் போனது அன்றுதான்; அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறான். அந்த இடத்தை ஏன் விட்டாய் என்று சிற்பியைக் கேட்டேன். “அந்தப் பக்கம் வெட்டித்தாம்மா படம் வந்துச்சு. யாரோ உக்காந்திருந்தாங்க போல” என்றாள்.

நேற்று காலை, பூங்காவில் ஆள் வருமுன் போனேன். தோளில் காக்கை எச்சம். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். பிறகு அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தேன். அவர் பார்வை என் மேல் படவில்லை. என் தோளுக்கும் கீழே எங்கோ விழுகிறது. அது என் முகத்தில் பட வேண்டுமென்றால் நான் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. குனிந்தேன். அங்கே இருந்திருப்பது யாராக இருந்தாலும், கால் தரையைத் தொட்டிருக்காது.

இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் மூன்றாம் மனிதரிடம் கேட்கப்போவதில்லை.

வெட்டாத படத்தை எனக்கு அனுப்பு. பின்புறம் யார் என்று எழுது. பெயரும் வயதும் போதும். சுழி கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. சிவப்பு மை பாட்டில் காய்ந்துபோய்விட்டது, புதிதாக வாங்கவில்லை.

அந்த வீட்டில் நீங்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா