மேலே இருந்தவனுக்கு

நேற்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தார். நீ சிரிப்பாய் என்று தெரியும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று ஒன்றைப் பழக்குகிறார். வேடிக்கை பார்க்கப் போன நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இது எனக்கும் கொஞ்சம் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அறுபதை நெருங்கும் வயதில் எனக்கு இது தேவைதான். அவருடைய தடித்த பருத்திச் சட்டையின் கழுத்துப் பட்டை என் மூக்கில் அழுந்தியது. நனைந்த துணியும் வியர்வையும் கலந்த அந்த மணம் ஏறியதும் நான் உன் பட்டறையில் கிடந்தேன்.

அவர்கள் அந்த இருப்பை மவுண்ட் என்கிறார்கள். நாம் சவாரி என்றோம்.

நாவற்குடாவில் உன் தச்சுப் பட்டறை. மரத்தூளைச் சாக்குகளில் அடைத்துப் பரப்பி, மேலே ஒரு கித்தான் படங்கை இழுத்துக் கட்டியிருந்தாய். கொழும்பில் வேலை செய்த இரண்டு வருடத்தில் பழகிய ஜூடோவை விட மனமில்லாமல், கூட உருள ஓர் ஆள் தேடினாய். ஊரில் வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு எந்தத் தகுதியும் இருக்கவில்லை. முதல் கிழமை ஏழு நாளும் ஒருவரையொருவர் தூக்கி எறிந்தோம். விழுந்த சத்தம் சந்தியிலிருந்த இராணுவச் சென்றிக்குக் கேட்டு, இரண்டு பேர் துவக்கோடு வந்து நின்றார்கள். அவர்கள் பார்க்க என்னை ஒருமுறை எறிந்து காட்டினாய். சிரித்தார்கள். ஆனால் போகும்போது ஒருவர், சத்தம் கேட்கக்கூடாது என்று தன் காதைத் தொட்டுக் காட்டி விரலை ஆட்டினார். அன்றோடு எறிதல் நின்றது. மற்ற ஊர் ஜூடோக்காரர்கள் நின்றபடி தொடங்குவார்கள். நாம் மூன்று வருடம் படுத்தபடியே தொடங்கினோம்.

நீ ஒல்லி. நான் அம்மாவின் தயவில் நன்றாகத் தின்று வளர்ந்தவன். ஆனாலும் நீ மேலே ஏறிவிட்டால் ஈரச் சாக்கைப் போட்டு மூடியது போல் இருக்கும். முழங்கால் இரண்டும் என் கக்கத்தை நோக்கி ஏறிவிடும். பாதங்கள் என் தொடைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். நான் மூச்சை விடும்போது நீ ஒரு விரலளவு இறங்குவாய், எடுக்கும்போது அந்த ஒரு விரலை எனக்குத் திருப்பித் தரமாட்டாய்.

"கையால பிடியாத மச்சான், இடுப்பால இரி" என்பாய். "இறுக்கினியெண்டா அவன் உன்னக் கிறுக்கிப் புரட்டிப் போடுவான். அவன் எங்கால திமிறுறானோ அங்கால நீயும் போ. மறுகா அங்கயே பாரமா இரி."

தப்பும் வழியையும் நீயேதான் காட்டினாய். மேலே இருப்பவனின் கை என் நெஞ்சுக்கோ முகத்துக்கோ வந்தால் அதை இரு கையாலும் கவ்விக்கொண்டு, அதே பக்கக் காலை அடைத்து, இடுப்பைத் தூக்கிப் புரட்ட வேண்டும். அப்படி உன்னை எத்தனையோ தரம் புரட்டியிருக்கிறேன். முடியாதபோது இரண்டு தட்டு. தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நமக்கிடையே இருந்த சட்டம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பிற்பகல். என் தம்பி கூட்டுறவுச் சங்கக்கடை வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். பட்டறைக்கு வரும் ஒழுங்கையின் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. அதில் வந்தவர்கள் யார், எந்தப் பக்கத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தோம். சைக்கிள் விழுந்தது. "அண்ணன்!" என்று ஒரு தரம் கூப்பிட்டான்.

நான் எழுந்து ஓடினேன். நீ பின்னாலிருந்து கட்டிச் சாய்த்து, மேலே ஏறி, ஒரு கையால் என் வாயைப் பொத்தினாய். உன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினேன். மறுபடியும் தட்டினேன். கணக்கில்லாமல் தட்டினேன். நீ விடவில்லை.

"நீயும் போனா கொம்மாக்கு ஆர் மச்சான்?" என்று காதுக்குள் சொன்னாய்.

வான் போன சத்தம் அடங்கிய பிறகுதான் எழுந்தாய். தம்பி திரும்பி வரவேயில்லை.

அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "நான் போகத்தான் ஓடினன். அவன் என்ன அமத்திப் பிடிச்சிட்டான்." அம்மா உன் வாசலுக்கு வந்து மண்ணை அள்ளித் தூற்றினார். பிறகு, அந்த வானுக்கு ஆள் காட்டியதே நீதான் என்றொரு கதையும் முளைத்தது. அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் சொல்லவில்லை. உன்னிடம் கதவும் யன்னலும் செய்வித்தவர்கள் வேறு தச்சனிடம் போனார்கள். அரை மைல் இடைவெளியில், சந்தையில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருவரும் கிழவர்களானோம். போன மாசியில் நீ செத்தாய். நான் ஒழுங்கை முனைவரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

நேற்று என்னுடைய முறை வந்தபோது விரிவுரையாளரின் மேல் ஏறி இருந்தேன். உடம்பு எதையும் மறக்கவில்லை. முழங்கால் தானாக மேலே ஏறியது. அவர் இரண்டு தரம் திமிறினார், பிறகு தட்டினார். "நல்ல பாரம் ஐயா" என்று மரியாதைக்குச் சொன்னார். ஆனால் அவர் பாதிப் பலம்கூடப் போடவில்லை. என் தொடைகளுக்கு அது தெரிந்தது. கீழே கிடப்பவன் உண்மையாகத் திமிறுகிறானா, ஒப்புக்குத் திமிறுகிறானா என்பதை மேலே இருப்பவனிடம் ஒளிக்க முடியாது.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பிற்பகலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்று உன் கை என் வாயின் மேல் இருந்தது. கவ்வுவதற்கு அதைவிட வாய்ப்பான கை கிடைக்காது. நான் கவ்வவில்லை. இடுப்பை ஒரு தரம்கூடத் தூக்கவில்லை. தட்டிக்கொண்டே கிடந்தேன், நீ விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். நீ என்னைப் பிடித்தபோது எனக்கு வந்தது ஆறுதல். கோபம் பிறகு நானாக உண்டாக்கிக்கொண்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

உனக்கு அது அன்றே தெரியும். "அவன் திமிறவேயில்ல" என்று ஒரு வார்த்தை ஊருக்குள் விட்டிருந்தால் உன் பேர் மீண்டிருக்கும், என் பேர் போயிருக்கும். முப்பது வருடமாக நீ அதைச் சொல்லவில்லை. உன்னிடமிருந்து நான் கொண்டு திரிவது சவாரி அல்ல, சொல்லாமல் விட்ட அந்த வார்த்தைதான்.

இன்று காலை எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார். தம்பியைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று பயந்திருந்தேன். கேட்கவில்லை. "அவன்ட பொஞ்சாதி இப்பயும் அந்த வீட்டிலதானா இரிக்கா?" என்றார்.

"ஓம்."

"அப்ப ஒழும்பு மனே. நீ முன்னால நட. நீதான் சொல்லணும்."

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கேற்றடியில் நிற்கிறார். இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். எனக்கு இன்னும் கால் எழும்பவில்லை. ஆனால் இப்போது என் மேல் யாரும் இல்லை.